அத்தைய தூங்க வச்ச கதை

எங்க அத்தைய தூங்க வைக்கதுக்கு எங்க வீட்டுல ரெண்டு வைத்தியம் நடந்துது. ஒண்ணு எங்கம்மையோடது, ஒண்ணு பெரியப்பாவோடது. ரெண்டுக்கும் எடுபிடி நாந்தான். எட்டு வயசு. பள்ளிக்கூடமும் கிடையாது, வேலையும் கிடையாது, வாய் மட்டும் உண்டு.

அத்தை எங்கப்பாவுக்குத் தங்கச்சி. பதினேழு வயசுல தாலியறுத்து, வெள்ளச்சீலையோட பொறந்த வீட்டுக்கு வந்துட்டா. வந்ததுலருந்து சோறு இறங்கல, உறக்கம் இல்ல. வேலை மட்டும் ஓயல. ஆத்துத் தண்ணி எடுக்கதுலருந்து பாத்திரம் கவுக்குத வரைக்கும் "ஏ பிள்ள, ஏ பிள்ள"ன்னு எல்லாம் அவ தலையிலதான்.

எங்கம்மை வைத்தியம் சுளுவு. நூத்தியெட்டு புளியங்கொட்டைய வச்சுக்கிட்டு, "எனக்கு ஒரு குறையுமில்ல, நான் நல்லாருக்கேன்"னு சொல்லிச் சொல்லி ஒவ்வொண்ணாத் தள்ளணும். காலையில ஒருக்க, அந்தியில ஒருக்க. சத்தமாச் சொல்லணும், அம்மை அம்மி அரைச்சுக்கிட்டே காது குடுப்பா. நாலு கொட்டைய நான் பாவாடைக்குள்ள ஒளிச்சு அத்தைக்கு ஒத்தாசை பண்ணுவேன்.

ஒருநா அம்பதாவது கொட்டையில அத்தை நிறுத்திட்டா. "மதினி, குறையில்ல குறையில்லன்னு சொல்லச் சொல்லத்தான் எது எது குறைன்னு வரிசையா ஞாபகம் வருது"ன்னா. அம்மை புளி கரைக்கப் போயிட்டா.

பெரியப்பா பாபநாசத்துல ஒரு சாமியார்ட்ட போய்வருதவரு. அவரு வைத்தியம் வேற. பாயில மல்லாக்கப் படுத்து, மனசுக்குள்ள ஒரே ஒரு சங்கல்பம் வைக்கணும். ஒருக்க நினைச்சாப் போதும், வெளிய சொல்லப்படாது. பெறவு பக்கத்துல ஒருத்தர் உக்காந்து, வலது கால் கட்டவிரல், அடுத்த விரல், கணுக்கால், முட்டின்னு தலை வரைக்கும் சொல்லணும். சொன்ன எடத்தத் தளர விடணும்.

"நூறுவாட்டி கூவுததுக்கு இது என்ன மோர் விக்கதா?"ன்னு எங்கம்மைய ஒரு இடி இடிச்சாரு. அதோட விட்டாரா? "வச்ச சங்கல்பத்த எவனும் தடுக்கப்படாது. தடுத்தவன் குடும்பம் வெளங்காது"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சாரு.

அத்தை ஒண்ணுதான் கேட்டா. "அண்ணாச்சி, மத்தியானத்துக்கு மேல பட்டாசாலைய ஒட்டுன அறையில படுத்துக்கிடுதேன். அங்கனதான் காத்து வருது."

அந்த நேரம் முன்கட்டுப் பட்டாசாலையில வாத்தியார் வந்து பெரியப்பா மக்க ரெண்டு பேருக்கும் பாடம் சொல்லுவாரு. நடுவுல ஒரு பலகைத் தடுப்புதான். "அந்தக் கத்தல்ல எப்படி உறங்குவ?"ன்னு அம்மை கேட்டா. அத்தை பாய எடுத்து அங்கனயே விரிச்சா.

எனக்கு வெளையாடப் போவணும்லா, ஒரே மூச்சுல காலுலருந்து தலைக்குத் தாவுவேன். அத்தை கண்ணத் தொறக்காமலே, "ஏட்டி, என் இடது காலு இன்னும் முழிச்சிருக்கு. பையச் சொல்லுட்டி, கத்தாத"ம்பா.

நானும் ரகசியமா ஒரு சங்கல்பம் வச்சேன். அத்தை எங்கயும் போவப்படாது. எனக்குப் பேன் பாக்க, சடை பின்ன, அம்மை அடிக்க வந்தா குறுக்க வந்து விழ அவதான உண்டு? ஒருக்க சொன்னாப் போதும்னத நம்பாம, தினமும் நூத்தியெட்டும் சொன்னேன்.

ஆறே மாசத்துல அத்தை மொகம் தெளிஞ்சிட்டு. பெரியப்பா தெருவுல நாலு பேரக் கூட்டி உக்கார வச்சு, மீசைய முறுக்கிக்கிட்டு, "பலிச்சிட்டுல்லா, இனிச் சொல்லலாம். என்ன பிள்ள சங்கல்பம் வச்ச?"ன்னாரு.

"பாளையங்கோட்டையில பொம்பளையளுக்கு வாத்திச்சி படிப்பு இருக்காம் அண்ணாச்சி. அங்கனயே தங்கிப் படிக்கணும்னு."

மீசையில இருந்த கை அப்படியே நின்னுட்டு. "ஒரு கணக்குத் தெரியாத உன்ன எவ சேப்பா?"

அத்தை பதினாறாம் வாய்ப்பாட மூச்சு விடாமச் சொன்னா. நாலு பேரும் பெரியப்பா மொகத்தையே பாத்தாவ. தடுத்தா குடும்பம் வெளங்காதே! மூணாம் நா வண்டி பூட்டியாச்சு.

நான் வண்டிக்காலப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். "நீ போவப்படாதுன்னு தினம் நூத்தியெட்டு வாட்டி சொன்னேன் அத்த!"

அத்தை எறங்கி என் மூக்கச் சீலையில தொடச்சுவிட்டா. "நான் ஒருக்கத்தான் சொன்னேம்ட்டி. மிச்ச நேரம் வேற சோலி இருந்துது"ன்னா.

என்ன சோலின்னு கேக்கத் தோணல. அவ போன பெறவு நானும் அதே எடத்துல மல்லாக்கப் படுத்து, வலது கால் கட்டவிரல், அடுத்த விரல்னு எனக்கு நானே சொல்லிப் பாத்தேன். அத்தைக்கு வந்த வாய்ப்பாடு எனக்கு மட்டும் வரவே இல்ல. தடுப்புக்கு அந்தப்பக்கம் வாத்தியார் சத்தம் ஒரே எடைஞ்சல்.

ரெண்டு காதையும் இறுக்கப் பொத்திக்கிட்டேன்.