நாக்கின் கீழே ஒரு கொப்புளம்

பருத்தித்துறை மீன் சந்தையில் ஏலம் கூறுவது என் தொழில். போன வருடம் என் நாக்கின் கீழே நீலம் பாய்ந்த கொப்புளம் ஒன்று வந்தது. பிறகு தாடைக்குக் கீழே கழுத்தும் மெத்தென்று வீங்கியது. நோவில்லை, ஆனால் விலை கூறும்போது சொற்கள் குழறின. ஊசியால் நீரை எடுத்தார்கள், மறுபடியும் நிரம்பியது. புற்றுநோயோ என்று மனைவி அழுதாள்.

யாழ்ப்பாணத்தில் ஸ்கான் படத்தைப் பார்த்த பெண் டொக்டர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார்.

"இது புற்றுநோய் இல்லை ஐயா. நாக்குக்குக் கீழை இருக்கிற எச்சில் சுரப்பி கசிஞ்சு, கழுத்துக்குள்ளை தேங்கி நிக்குது. அந்தச் சுரப்பியை எடுத்தால் திரும்ப வராது."

"அப்ப கழுத்தை வெட்டுவியளோ?"

"இல்லை, வாய்க்குள்ளாலையே எடுக்கலாம்."

"எச்சில் வத்திப்போகாதோ?"

"மிச்சச் சுரப்பியள் போதும்."

காரணம் விளங்கியதும் என் பயம் போய்விட்டது. "எடுங்கோ டொக்டர்," என்றேன்.

சத்திரசிகிச்சைக்குப் பின் நாக்கு கொஞ்ச நாள் விறைத்திருந்தது, கஞ்சிதான் குடித்தேன். கழுத்து வீக்கம் தானாகவே வற்றியது. சந்தைக்குத் திரும்பிய அன்று பாரை மீனுக்கு விலை கூறினேன். எப்போதும் வாங்கும் வியாபாரி சிரித்தார்.

"அண்ணை, இப்ப நீங்கள் சொல்லுறது நல்லா விளங்குது. விலைதான் கூடிப்போச்சு."