மட்சுஷிமாவில் பரா அண்ணை கொளுத்திய ஊதுபத்தி

பரா அண்ணை மாரடைப்பில் போய்விட்டார் என்று அவருடைய மகன்தான் வேலையிடத்துக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னான். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நானும் எழுதவேண்டுமாம். "அப்பாவோடை யப்பானுக்குப் போனது நீங்கள்தானே அங்கிள். அதை எழுதுங்கோ." எழுதுகிறேன். ஆனால் அவரை அறிந்த நீங்கள் எதிர்பார்ப்பதை என்னால் எழுத முடியாது.

ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் நகரில் நாங்கள் இருவரும் வேலைசெய்த கொம்பனி, 1996இல் புதிய மெஷின் பழக எங்களை மூன்று கிழமை அங்கே அனுப்பியது. விமானத்தில் அவரிடம் ஒன்று சொன்னேன். ஆமி வந்து ஊர்ச்சனம் இடம்பெயர்ந்தபோது என் தம்பி காணாமல் போயிருந்தான். அதைச் சொல்லி வன்னியிலிருந்து மாமி எழுதிய கடிதத்தை ஒளித்துவைத்துவிட்டு, அவன் கொழும்புக்கு வர வழி பார்க்கிறான் என்று அம்மாவிடம் சொல்லி வந்தேன். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். ஓம் என்றார்.

இரண்டாவது ஞாயிறு ரயிலேறி மட்சுஷிமாவுக்குப் போனோம். விரிகுடா முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். அலை அடியை அரித்துவிட்ட பாறைகளின் உச்சியில் பைன் மரங்கள் சாய்ந்து நின்றன. தீவுகளைப் படகில் சுற்றிப் பார்த்த அந்த ஒரு மணித்தியாலம் நானும் ஊரை மறந்திருந்தேன்.

கரையேறியதும் புத்த கோயில். பக்கத்து மலைப்பாறையில், இறந்தவர்களை நினைக்கவென்று துறவிகள் குடைந்த குகைகள். நான் உள்ளே போகவில்லை. ஊரிலிருந்து எங்களை விரட்டியவர்கள் கும்பிடும் சிலைக்கு முன்னால் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பரா அண்ணை சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போனார். அரை மணித்தியாலம் கழித்து வந்தார்.

"உன்ரை தம்பிக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்திப்போட்டு வாறன்."

"அவன் செத்தவனெண்டு ஆர் சொன்னது?"

"உனக்குத் தெரியும்."

நெஞ்சில் பிடித்துத் தள்ளினேன். கமெரா கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். திரும்பும்போது வேறு வேறு பெட்டிகளில் இருந்தோம்.

ரொறொன்ரோ திரும்பி ஒரு மாதம்கூட ஆகவில்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் அம்மாவை இறக்கிவிட்டு, காரை நிறுத்தப் போனேன். வந்து பார்த்தால் அம்மா நிலத்தில் இருக்கிறார், பக்கத்தில் பரா அண்ணை. எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

எதிரிகூடச் செய்யாததைச் செய்தீர்கள் என்று அடுத்தநாள் அவரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு ஒளிக்கத் தெரியாதடாப்பா" என்றார். செத்தவீட்டில் இதே வார்த்தையைத்தான் நீங்கள் எல்லோரும் பெருமையாகச் சொன்னீர்கள். நான் எழுந்து வெளியே போனதற்கு அதுதான் காரணம்.

நாலு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் கடிதத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். "நீ சொல்லேல்லை. பராவாவது சொன்னான்." அதற்காகவும் பரா அண்ணையை நான் மன்னிக்கவில்லை. மூன்று வருஷம் வேலை விஷயம் தவிர வேறு பேசவுமில்லை.

தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியுமில்லை. திவசத்துக்கு நாள் தெரியாமல், அம்மா பரா அண்ணையிடமே கேட்டு, மட்சுஷிமாவில் அவர் ஊதுபத்தி கொளுத்திய அந்த ஞாயிற்றின் திதியை எடுத்துக்கொண்டார். பரா அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் திதி ஒன்றுதான். வருஷா வருஷம் அன்று தம்பிக்குப் படைக்கிறேன். அவரை மன்னிக்காமலே படைக்கிறேன்.