வீட்டை விட்டுப் போகும் வேடம்

லூர்துராஜ் எங்கள் எதிர்வீட்டுக்காரர். நாகமலை புதுக்கோட்டையில் இருவரும் ஒரே சமயத்தில்தான் வீடு கட்டினோம். மதுரை டவுனுக்குள் ஒரு மிஷன் பள்ளி ஆபீஸில் அவருக்குக் கிளார்க் வேலை. மனைவி பிலோமினாள் பரவையில் ஆரம்பப் பள்ளி டீச்சர். ஒரே மகள், கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். அதன்பிறகு அந்த வீட்டிலிருந்து மிக்ஸி சத்தம் தவிர வேறு சத்தம் வந்ததில்லை. சண்டையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது மட்டும் இருவரும் சேர்ந்து கதவைப் பூட்டுவார்கள். மற்ற நாளில் ஒருவர் பூட்டிய கதவை இன்னொருவர் வந்து திறப்பார்.

லூர்துராஜுக்கு ஐம்பது தாண்டிய வருடம், ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் செல்வக்குமார் இறந்துபோனார். டீ ஏன் இன்னும் வரவில்லை என்று எட்டிப் பார்க்க எழுந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். இவரைவிட இளையவர். அடக்கம் முடிந்த சூட்டோடு அந்த மேசைக்குப் புது ஆள் வந்தார். டிராயரைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, "இது யாரோடது சார்?" என்று கேட்டார். லூர்துராஜ் அதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாற்றம் அதிலிருந்துதான். தலைக்கு டை அடித்தார். நெற்றியோரம் ஒட்டிய கறுப்பு ஒரு வாரம் போகவில்லை. ஜீன்ஸ் வாங்கினார். அதன் கால் நீளத்தை வெட்டாமல் மடித்துவிட்டுக்கொண்டு யுனிவர்சிட்டிப் பக்கம் காலையில் நடக்கப் போனார். "மாப்ள, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று நானே கேலி செய்திருக்கிறேன். சிரிப்பார். சிரித்து முடித்ததும் முகம் ஒரு மாதிரி காலியாகிவிடும். பிலோமினாள் டீச்சர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தலகாணி உறையெல்லாம் கறுப்பு."

அந்தச் சமயத்தில் அஸ்வினி என்ற பெண் அவர் பள்ளிக்கு வந்தாள். யுனிவர்சிட்டியில் படித்து முடித்தவள். நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சின்னதாக ஒரு படம் எடுக்கிறாள். வகுப்பறை ஒன்றில் படம்பிடிக்க அனுமதி கேட்க வந்தவள், அதை விட்டுவிட்டு லூர்துராஜையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"சார், நீங்க நடிப்பீங்களா?"

"நானா? என்ன வேசம்?"

"ஐம்பது வயசு ஆளு. ஒருநாள் வேலைக்குக் கிளம்பி, வேற பஸ்ல ஏறிப் போயிருவாரு. திரும்பி வர மாட்டாரு."

லூர்துராஜ் யோசிக்கவே இல்லை. சரி என்றார். அவள் போட்ட ஒரே நிபந்தனை, தலையில் டை இருக்கக்கூடாது. இளமையாகத் தெரிய அவர் பட்ட பாடெல்லாம் அன்றோடு முடிந்தது.

வீட்டில் அவர் சொல்லவில்லை. சொன்னால் மனைவி சிரிப்பாள் என்று பயம். சனிக்கிழமைகளில் ஆடிட் வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்தில் கொஞ்சம் எடுத்தார்கள். தாமரைக் குளத்துப் படிக்கட்டில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை மட்டுமே ஒரு பகல் முழுக்க எடுத்தார்களாம். "வாழ்க்கையில அன்னைக்குத்தான் ஒருத்தர் என்னய அம்புட்டு நேரம் பார்த்தது" என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

பரவை மார்க்கெட்டிலும் ஒரு காட்சி. ஊரைவிட்டு வந்தவன், கூட்டத்துக்கு நடுவில் என்ன செய்வதென்று தெரியாமல் அழவேண்டும். கேமராவைத் தூரத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்தார்கள். அதுதான் வினையானது. மார்க்கெட் வாசலில் கீரை விற்கும் முனியாயிக்குக் கேமரா தெரியவில்லை, லூர்துராஜ் மட்டும்தான் தெரிந்தார். கிறிஸ்துமஸுக்குக் காய் வாங்க டீச்சரோடு வரும் மனிதர், வெங்காய மூட்டையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுகிறார். திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்லிவிட்டாள். "டீச்சரம்மா, சாருக்கு ஏதும் சொகமில்லையா? மறைக்காமச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் டீச்சர் கேட்டார். "ஆடிட்ல என்ன கணக்கு ஒதைக்குது? மார்க்கெட்டுல நின்னு அழுதீங்களாம்."

வேறு வழியில்லை. "படத்துல நடிக்கிறேன்" என்றார்.

டீச்சர் சிரித்தார். எங்கள் வீடு வரைக்கும் கேட்டது அந்தச் சிரிப்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன வேசம்?" என்றார்.

"வீட்டை விட்டுப் போற புருசன்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அதுக்கு நடிக்க வேற வேணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

கடைசிக் காட்சி மலையடிவாரத்தில். அந்த மனிதன் மனைவிக்குப் போன் செய்து பேசுகிறான். எழுதிவைத்த வசனம் லூர்துராஜுக்கு வாயில் நிற்கவில்லை. "உங்களுக்கு வர்றதைப் பேசுங்க சார்" என்றாள் அஸ்வினி. பேசினார். அடுத்த மேசைக்காரன் செத்ததைச் சொன்னார். தன் மேசைக்கும் அப்படித்தான் ஆள் வரும் என்றார். "எனக்கு என்ன பிடிக்கும்னு இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்லை பிலோமி. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிஞ்சிருக்காது" என்றார். கதையில் மனைவிக்கு வேறு பெயர். ஒருவரும் திருத்தவில்லை. படத்திலும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. யுனிவர்சிட்டிப் பக்கம் ஒரு ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுக் காட்டினார்கள். நாங்களும் போயிருந்தோம். டீச்சர் பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தன் பெயர் திரையிலிருந்து வந்தபோது திரும்பிக் கணவரைப் பார்க்கவில்லை. கைப்பையின் வாரை மட்டும் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்து எல்லாரும் லூர்துராஜுக்குக் கை கொடுத்தார்கள். ஒரு பையன் செல்ஃபி எடுத்தான். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். வழியில் டீச்சர் கேட்டாராம். "படத்துல அந்தப் பொம்பளை, போனை வச்சதுக்கப்புறம் என்ன செஞ்சா?"

"யாரு?"

"உங்க பொண்டாட்டி. நீங்க பேசுறீங்க, அவ கேக்குறா. அவ மொகத்தக் கூடக் காட்டலையே."

"அது கதையில இல்ல பிலோமி."

"இல்லைல்ல. அதான் கேக்குறேன்."

கொஞ்ச தூரம் நடந்ததும் டீச்சர் தன் கதையைச் சொன்னார். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பள்ளி விட்டதும் டீச்சர் நேராக வீட்டுக்கு வருவதில்லை. ஸ்பெஷல் கிளாஸ் என்று சொன்னதெல்லாம் பொய். பரவை மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் காலையிலேயே முடிந்துவிடும். சாயங்காலம் கொட்டகை காலியாகக் கிடக்கும். அங்கே முனியாயி பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, பஸ்ஸை எல்லாம் விட்டுவிட்டு, கடைசியில் மனசில்லாமல் ஏதாவது ஒன்றில் ஏறி வருவார்.

"அங்க என்ன செய்வ?" என்று கேட்டார் லூர்துராஜ்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். யாரும் என்னய எதுவும் கேக்க மாட்டாக. அம்புட்டுதான். நீங்க ஒரு பஸ்ல ஏறினதுக்குப் படம் எடுத்துட்டாக. நான் தினம் பஸ்ஸை விட்டுட்டு உக்காந்திருந்தேன், உங்களுக்கே தெரியாது."

நடுரோட்டில் நின்றுவிட்டேன் என்றார் லூர்துராஜ் என்னிடம். முந்தின நிமிசம் வரைக்கும் தன்னைப்போல் தனியாய்க் கிடந்தவன் உலகத்தில் யாருமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். தனியாய்க் கிடந்த இன்னொரு ஆள் அதே வீட்டில், தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பரவைக்குப் போனார். கொட்டகைத் திண்டில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது.

"இங்கயும் வந்துட்டீங்களா?"

அந்த வார்த்தை லூர்துராஜைச் சுட்டது. ஆனால் அதில் கோபப்பட ஒன்றுமில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது. "சரி, நான் போறேன். நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார். வீட்டுக்கு வந்து சும்மா இருக்க முடியவில்லை. அரிசியைக் கழுவி வைத்தார். பருப்பு எது, எந்த டப்பா என்று கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தார். அன்றைய சாம்பாரில் உப்பு அதிகம். டீச்சர் மோர் ஊற்றிச் சாப்பிட்டாராம்.

அஸ்வினி சென்னைக்குப் போய்விட்டாள். அடுத்த படத்துக்குக் கூப்பிடுவேன் என்றவள் இதுவரைக்கும் கூப்பிடவில்லை. முதலில் போன் அடிக்கும்போதெல்லாம் லூர்துராஜ் பாய்ந்து எடுப்பார். இப்போது அப்படி இல்லை. இரண்டு வருடமாகிறது. பள்ளி ஆபீஸ், அதே மேசை. சாயங்காலச் சமையல் அவருடையது. டீச்சர் இன்னும் பரவையில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வருகிறார். இவர் கூப்பிடப் போவதில்லை, எப்போது வருவாய் என்று கேட்பதும் இல்லை. ஆனால் ஸ்பெஷல் கிளாஸ் என்ற பொய் மட்டும் இப்போது தேவைப்படுவதில்லை.

போன வாரம் ஒருநாள் தபால் ஒன்று கொடுக்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மார்க்கெட் வாசலில் தக்காளி வண்டி கவிழ்ந்த கதையை டீச்சர் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாடு வந்து பாதித் தக்காளியைத் தின்றுவிட்டதாம். வண்டிக்காரனும் மாட்டுக்காரனும் கட்டிப் புரண்டார்களாம்.

"அப்புறம்?" என்றார் லூர்துராஜ், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு.

"இருங்க, சொல்றேன்ல" என்றார் டீச்சர்.

நான் தபாலை வாசல்படியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.