படத்தில் இருப்பது வெள்ளம்

என் மண்டைக்குள் கட்டி இருப்பதை உறுதி செய்தது ஸ்கேன்தான். ஆனால் முதலில் சந்தேகப்பட்டவர் ஒரு சுக்கு வியாபாரி. மட்டாஞ்சேரியில் என் கடையில் விலை பேசிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியத்தில் எனக்கு வாய் நின்றுபோனது. நான் எதிராளியைப் பேசவிட்டுக் கேட்டதாக எங்கள் தெருவில் யாருக்கும் நினைவில்லை. பயந்துபோய் அவரே என்னை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார்.

கட்டி இடப்பக்கம், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி இருந்தது. விழிக்க வைத்தே அறுப்போம் என்றார் சர்ஜன். மண்டையைத் திறந்தபின் மயக்கத்தைத் தெளிவித்துப் படங்கள் காட்டுவார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். அவர் மெல்லிய மின்சாரத்தால் மூளையை இடம் இடமாகத் தொடுவார். தொட்டதும் பேச்சு தடுமாறினால் அந்த இடத்தில் கத்தி போகாது. பேசச் சொல்லி என்னை யாரும் வற்புறுத்தியது அதுவரை இல்லை. வீட்டில் நேர்மாறாகத்தான் வற்புறுத்துவார்கள்.

ஒத்திகை நடத்தியவர் இளவயது சைக்காலஜிஸ்ட். எறணாகுளத்துக்காரர், சென்னையில் படித்தவர்.

"தமிழா, மலையாளமா சார்? ஏதாவது ஒண்ணு சொல்லணும்."

"கலந்து வராதா?"

"டெஸ்ட்டுக்கு ஒரு பாஷதான்."

தமிழ் என்றேன். கொச்சியில் எத்தனை தலைமுறையாக இருந்தாலும் எங்களுடையது தமிழ்க் குடும்பம். மானம் என்று ஒன்று இருக்கிறதே. யானை சொன்னேன், குடை சொன்னேன். ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் வந்தது. "வெள்ளம்" என்றேன். மரவள்ளிக் கிழங்கு வந்தது. "கப்பை." இரண்டு படங்களையும் கவிழ்த்துத் தனியாக வைத்தார்.

"தப்பா?"

"வெள்ளம்னா ஊரு முங்கறது இல்லையா சார்? இது தண்ணி."

"எங்க வீட்ல இதுதான் வெள்ளம். ஊரு முங்கினா அது பிரளயம்."

அவர் சிரித்தார். கவிழ்த்த படம் கவிழ்ந்தே கிடந்தது. ஒத்திகையில் தப்பாகும் படங்களை விலக்கிவிடுவார்களாம். இல்லாவிட்டால் அறுவையின்போது வரும் தப்பு மின்சாரத்தாலா, பழையதா என்று தெரியாது. நியாயம்தான். அந்தப் படங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டேன். ஆய்வகத்தில் நிறையப் பேரிடம் காட்டி, எல்லாரும் ஒரே பெயர் சொன்னவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்களாம்.

"எங்களைப் போலக் கலந்து பேசறவங்க?"

"அவங்களைச் சேர்க்கல சார். ரிசல்ட் குழம்பிடும்."

சொற்கள் மூளையில் அலமாரித் தட்டில் டப்பா டப்பாவாக இருப்பதில்லை என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் அந்தப் படச் சீட்டுக்கட்டு காவல் காக்கப்போவது நான் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதும் தமிழை மட்டும்தான். அந்தத் தமிழில் நான் ஒரு நாளும் என் மனைவியோடு சண்டை போட்டதில்லை. ஆப்பரேஷன் முடிந்து, "தண்ணீர் தருக" என்று சமையலறை வாசலில் வந்து நிற்கும் புருஷனோடு அவள் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்?

"இந்தச் சீட்டுக்கட்டை வச்சுக்கிட்டு நான் படுக்க மாட்டேன்" என்றேன்.

பக்கத்தில் இருந்த மனைவிக்கு என் பிடிவாதம் பொறுக்கவில்லை. "எந்தா இப்படி வாசி பிடிக்கறீங்க? டாக்டர் பறஞ்சதைக் கேட்டா என்ன?"

"கேட்டீங்களா டாக்டரே?" என்றேன் சைக்காலஜிஸ்டிடம். "நான் வீட்டுக்குப் போனா இதைப் புரிஞ்சுக்கணும், இதே மாதிரி திருப்பியும் சொல்லணும். இது உங்க கட்டுல எங்க இருக்கு?"

சர்ஜன் வந்தார். சோதித்து உறுதிப்படுத்திய முறை இது, ஆளுக்கு ஒரு கட்டு செய்ய முடியுமா என்றார்.

"எனக்கு ஒரு மண்டைதான் டாக்டர். ஒரு கட்டு போதும்."

அவர் என் மண்டையை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "வீட்டிலும் இப்படித்தானா?" அவள் தலையாட்டியதில்தான் மனிதர் இறங்கி வந்தார் என்று நினைக்கிறேன்.

சைக்காலஜிஸ்ட் எங்கள் வீட்டுச் சாமான்களையே போட்டோ எடுத்தார். வேறு வேறு நாளில் காட்டியும் நான் ஒரே பெயர் சொன்னால் அதுவே சரியான விடை என்று வைத்துக்கொண்டோம். மனைவி சாட்சி. எனக்குத் தெரிந்து, அவள் என் பக்கம் சாட்சி சொன்னது அப்போதுதான்.

அறுவையன்று என் முகத்துக்கு நேரே படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நன்றாகத்தான் சொல்லிக்கொண்டு போனேன். பெருக்குகிற சாமான் வந்தது. எங்கள் வீட்டில் அதன் பெயர் சூல். மலையாளத்திலிருந்து எடுத்து எங்களுடையதாக்கிக்கொண்டது. சமையலறை மூலை தெரிந்தது, அது சாத்தியிருக்கும் கோணம் தெரிந்தது. சொல் மட்டும் வரவில்லை.

"துடைப்பம்" என்றேன், மேடைப் பேச்சாளன் போல.

"தப்பு!" என்றார் சைக்காலஜிஸ்ட்.

எனக்குப் பின்னால் சர்ஜனின் கை நின்றது. மறுபடி தொட்டார்கள், மறுபடியும் துடைப்பம். கையை எடுத்ததும் சூல் வந்தது. பழைய கட்டாக இருந்தால் துடைப்பத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு மேலே போயிருப்பார்கள்.

மறுநாள் சர்ஜன் கட்டிலருகே நின்றார். "அந்த இடத்துல கட்டியைக் கொஞ்சம் விட்டுட்டேன். விடாம ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"அதையும் அறுத்து எடுத்திருந்தா?"

"தெரியாது சார். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம்."

அது வளரலாம். வளர்ந்தால் மறுபடி திறப்பார்கள்; அப்போதும் எங்கள் கட்டுதான் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்கேன் எடுக்கும் நாட்களில் மனைவிக்குப் பயம், எனக்கு அதைவிடப் பயம். ஆகவே எறணாகுளத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை இருவரும் சண்டை போட்டுக்கொண்டே போகிறோம். போன தடவை ஆட்டோச் சேட்டன் கண்ணாடியில் பார்த்து, "இது ஏது பாஷையா சாரே?" என்றார்.

"நீங்க ரோட்டைப் பாருங்க சேட்டா" என்றாள் மனைவி. "ஞங்கள் இன்னும் முடிக்கல."