லைட்டா ஆஃபா இருக்கு

பேருந்தின் எஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் தகரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார் எங்கள் மெக்கானிக். கை தானாகச் சட்டையில் எண்ணெய் துடைக்கிறது. கண் திறந்ததும் தீர்ப்பு வருகிறது: "லைட்டா ஆஃபா இருக்கு."

பணிமனையில் அவருக்குப் பெயரே 'லைட்டா'தான். மூடி தளர்ந்திருந்தால் "சம்திங் ஃபன்னி." சக்கரம் இழுத்தால் "கொஞ்சம் வியர்டு." உயிருக்கு ஆபத்து என்றாலும் 'ஆஃப்'பைத் தாண்டமாட்டார்.

"மாமனார் செத்ததுக்கு லீவு கேட்டப்பகூட, 'மாமா லைட்டா ஆஃபா இருக்காரு சார்'னாருப்பா!" என்று ஓட்டுநர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

உதிரிபாக அறையில் வேலை பார்க்கும் நான் ஒருநாள் காரணம் கேட்டேன். "பழுதுன்னு சொன்னா, யாரு செஞ்சதுன்னு தேடுவாங்க. ஆஃப்னா யாரு தலையும் உருளாது பாருங்க" என்றார். கருணையா கோழைத்தனமா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வருவதுண்டு.

போன வருடம் ஒரு பிரேக்கைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார். பழைய மேலாளருக்கு அந்த 'லைட்டா'வின் எடை தெரியும். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர், "லைட்டாதானே? எடுத்துட்டுப் போகட்டும்" என்றார். ஓட்டிப் போனவர் இவருடைய மைத்துனர். இறக்கத்தில் வண்டி நிற்கவில்லை. மைத்துனருக்கு இப்போது முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை.

"அழுத்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் தம்பி நடந்திருப்பான்ல?" மனைவி சோற்றைப் போடும்போதெல்லாம் கேட்கிறாராம். இதை அவரே என்னிடம் சொன்னார்.

இன்று காலை ஒரு வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். ஆட்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மேலாளர் சன்னலிலிருந்து கத்தினார்: "என்னய்யா?"

"லைட்டா ஆஃபா இருக்கு சார்."

"ஓடுமா, ஓடாதா? ஒரே வார்த்தையில சொல்லு."

அவர் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சொல் வரவில்லை.

"அப்ப ஓடும். எடுங்க!"

ஓட்டுநர் ஏறினார். இவர் முன்சக்கரத்தருகே குந்தினார். காற்றுக்குழாயின் மூடியைக் கழற்றி, திருப்புளி முனையால் உள்ளிருக்கும் ஊசியை அழுத்தினார். காற்று சீறியது. மேலாளர் படியிறங்கி ஓடிவரும் சத்தம் கேட்டும், டயர் தரையோடு படியும்வரை அவர் கையை எடுக்கவில்லை.