சாபத்தோடு பரவிய பாட்டு

போன வாரம் என் மகளுக்குக் காதுகுத்து. மடியில் உட்கார வைத்திருந்த தாய்மாமன் கண்கலங்க, மகள் ஊரே கேட்க அலற, பின்னால் ஸ்பீக்கரில் ஏதோ சினிமாப் பாட்டு ஓட, எல்லாவற்றையும் போனில் எடுத்து இணையத்தில் போட்டேன். காலையில் பார்த்தால் படம் மட்டும் ஓடுகிறது, சத்தத்தைக் காணோம். பாட்டு இன்னொருவருக்குச் சொந்தமாம், காப்பிரைட்டாம், அதனால் ஒலியை எடுத்துவிட்டார்களாம். பாட்டை எடுத்தது சரி ஐயா, என் பெண்ணின் அழுகை யாருக்குச் சொந்தம்? அதைக் கேட்கலாமென்றால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

காப்பிரைட் என்றால் எனக்குக் கோபத்துக்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்போடு சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் வரும். சிடி ரைட்டரிலிருந்து வெளியே வரும் தட்டைக் கையில் எடுத்திருக்கிறீர்களா? லேசான சூட்டோடு, புது ரெக்சின் பை போல ஒரு வாசனை அடிக்கும். சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடையில் நான் வேலை பார்த்த வருடங்கள் முழுக்க அந்த வாசனையில்தான் போயின. ரீசார்ஜ், ரிப்பேர் எல்லாம் பெயருக்கு. மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதுதான் கடையின் உயிர். வருகிறவர்கள் பாட்டின் பெயரைச் சொல்லமாட்டார்கள். "கொஞ்சம் சோகம், கொஞ்சம் குத்து, வெள்ளிக்கெழமைக்கு அம்மன் பாட்டு" என்று மளிகைச் சாமான் போலச் சொல்வார்கள். பண்ருட்டியிலிருந்து பலாப்பழ லோடு ஓட்டிவரும் டிரைவர் ஒருவர், "தூக்கம் வராத பாட்டா பாத்து ஏத்துப்பா" என்பார். அதைத் தேடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்து, மதிய வெயிலில் நானே கல்லாவில் தூங்கிப் போயிருக்கிறேன். அவ்வளவு பாட்டும் யாரைக் கேட்டு ஏற்றினோம்? யாரையும் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு யாராவது உள்ளே வந்தால் முதலாளி ரெய்டு என்று பயந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார், அவ்வளவுதான் எங்கள் சட்ட அறிவு.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு நாள் காப்பிரைட் மேல் பக்தியே வந்துவிட்டது. காரணம் என் மச்சான் குமார். உறவில் மச்சான் இல்லை, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். எங்கள் பக்கத்தில் அது போதும். கிள்ளையைத் தாண்டிக் கடலோரத்தில் ஒரு மீனவர் ஊர் அவனுக்கு. பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளும்போது சொந்தமாகக் கட்டிய பாட்டுகளைப் பாடுவான். படகில் இருப்பவர்கள் காட்டைப் பார்ப்பதை விட்டு அவனைப் பார்ப்பார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லி ஊர் அம்மன் மேல் அவன் பாடிய பாட்டுகளைக் கடலூரில் திருப்பாப்புலியூரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில், ஒரு கீபோர்டும் ஒரு பம்பையும் வைத்துப் பதிவு செய்தோம். ஹெட்போனில் முதல் தடவை கேட்டபோது எனக்குப் புல்லரித்துவிட்டது.

அவன் அப்பாவுக்கு மட்டும் புல்லரிக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு அவருக்குக் கடல் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது, பாட்டு மேல் எப்போதுமே கிடையாது. சிங்கப்பூர் வேலைக்கு ஆள் பார்த்து, பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்துவிட்டார். "மாசி மகத்துக்குள்ள ஒம் பாட்டு ஊருல ஓடுச்சின்னா பாடு. ஓடலன்னா பேசாம பிளைட் ஏறிடு" என்று சொல்லிவிட்டார். குமாரும் சரி என்று தலையாட்டிவிட்டான். பாட்டு மேல் அவ்வளவு நம்பிக்கை.

சிடி கைக்கு வந்ததும்தான் எனக்குப் பயம் பிடித்தது. நாங்களே ஒரு சிடியை எத்தனை பேருக்கு ஏற்றுகிறவர்கள்! இதை மட்டும் ஊர் விட்டுவைக்குமா? கீழ வீதி டீக்கடைக்கு வரும் ஒரு வக்கீல் மாமாவைப் பிடித்தோம். அவர் பஜ்ஜியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்:

"காப்பி எடுத்து வித்தா கேஸு போடலாம்டா. வூட்டுல தான் கேக்கறதுக்கு ஒருத்தன் எடுத்துக்கிட்டா அவன ஒண்ணும் பண்றதுக்கில்ல."

"எல்லாரும் வூட்டுலதான மாமா கேக்கறாங்க?" என்றான் குமார்.

வக்கீல் சட்டைப் பையிலிருந்து மெமரி கார்டை எடுத்து என்னிடம் நீட்டி, "சொந்த உபயோகத்துக்குதான்" என்றார்.

சட்டம் கைவிட்டால் என்ன, அம்மன் இருக்கிறாளே! காசு கொடுக்காமல் காப்பி எடுப்பவர்களை அம்மன் சும்மா விடமாட்டாள் என்று கவரில் அச்சடிக்கலாம் என்றான் குமார். காப்பி எடுக்கும்போது கவர் கூட வராதே, மெமரி கார்டுக்கு ஏது கவர் என்று நான் மூளையைக் கசக்கி ஒரு வழி சொன்னேன். அதன்படி, ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவன் குரலிலேயே சாபத்தைப் பதிவு செய்து சேர்த்து, கடை ரைட்டரிலேயே சிடிகளைப் புதிதாக அடித்தோம். "இந்தப் பாட்டைத் திருட்டுத்தனமாக் காப்பி எடுக்கறவங்கள எங்க ஊரு ஆத்தா சும்மா விடமாட்டா!" அதற்குப் பின்னால் பம்பைச் சத்தம். எங்கள் அறிவை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

சிடி விற்கவில்லை; வக்கீல் மாமா கார்டில் சும்மா ஏற்றிக்கொடுத்ததோடு சரி. அட்டைப்பெட்டியோடு கடை மூலையில் கிடந்தது. தை பிறந்தது. குமார் சிங்கப்பூரில் மழை எப்போது வரும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அப்போதுதான் ஒரு நாள் கடலூர் போகும் தனியார் பஸ்ஸில், முன்சீட்டு ஆளின் சைனா செட் போனிலிருந்து அந்தச் சாபம் கேட்டது! அதன் பின்னால் பம்பை! துள்ளி எழுந்துவிட்டேன். ஊரார் பாட்டையெல்லாம் ஊருக்கே ஏற்றிக்கொடுத்த எனக்கு, மச்சான் பாட்டு என்றதும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணே, இது யாரு குடுத்தாங்க?"

"எங்க மாப்ள புளூடூத்ல அனுப்புனாரு. சூப்பர் பாட்டு. ஒனக்கு வேணுமா?"

"ஆத்தா சும்மா விடமாட்டான்னு சொல்லுதே, பயமா இல்லையா?"

"அதுக்குதான் மஞ்சத்துணில ஒரு ரூவா முடிஞ்சி வச்சிருக்கேன் தம்பி. அந்தப் பக்கம் போவும்போது அம்மா உண்டியல்ல போட்டுட்டா சரியாப் போச்சு."

சாபம் கொடுத்தால் பயந்து ஓடுவார்கள் என்று நினைத்தோம். நம் ஜனங்களுக்குப் பரிகாரம் என்று ஒன்று உண்டு என்பது எங்கள் இரண்டு மண்டைக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு குமாரின் ஊருக்குப் போனால், கோயில் வாசலிலேயே பூசாரி எங்களைப் பிடித்துக்கொண்டார்.

"டேய் குமாரு, கம்மாபுரத்துலேர்ந்துலாம் ஆளுங்க வந்து மஞ்சத்துணி போட்டுட்டுப் போறாங்க. என்னா வேண்டுதல்னு கேட்டா, பாட்டு காப்பி எடுத்தோம்ங்கறாங்க. என்னாடா பண்ணி வச்சிருக்க?"

குமார் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எனக்கு வர வேண்டியதெல்லாம் ஆத்தாளுக்குப் போவுது மச்சான்!" என்றான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவனுக்கும் முடியவில்லை. பூசாரி மட்டும் சிரிக்காமல் ஊர்ப் பெரியவர்களிடம் போய்ப் பேசினார். ஆத்தா உண்டியலை நிரப்பினவனை ஆத்தா முன்னால் பாட வைக்காவிட்டால் எப்படி என்று, மாசி மகத்துக்கு மேடை கொடுத்துவிட்டார்கள்.

மாசி மகத்தன்று காலை அம்மன் கடலில் தீர்த்தம் ஆடிவிட்டுக் கரையில் நின்றாள். கரை முழுக்க ஜனம். வெளியூர்க்காரர்கள் ஜாஸ்தி. குமார் மைக்கைப் பிடித்தான். பதற்றத்தில், ரெக்கார்டில் இருந்தது போலவே, "இந்தப் பாட்டைத் திருட்டுத்தனமா" என்று ஆரம்பித்துவிட்டான். அடுத்த நொடி மொத்தக் கரையும், "காப்பி எடுக்கறவங்கள எங்க ஊரு ஆத்தா சும்மா விடமாட்டா!" என்று கத்தியது. பெண்கள் குலவையிட்டார்கள். நான் நின்ற இடத்தில் குதித்தேன். இரண்டாவது சரணத்தில், முழங்கால் தண்ணீரில் நின்ற அப்பாவை அவன் பார்த்துவிட்டான். குரல் நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை. ஜனம் அதை ஒரு வார்த்தை பிசகாமல் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தது.

அவன் அப்பா தண்ணீரிலிருந்து ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்ளோ பேருமா சிடி வாங்குனாங்க?"

"ஒருத்தரும் வாங்கல மாமா. எல்லாம் காப்பி."

கரையில் நின்ற ஜனத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். பிறகு, "பிளைட்டு வேணாம்னு அவங்கிட்ட நீயே சொல்லிடு. எனக்குப் பேச்சு வரல" என்றார். நான் ஈரமணலில் மேடைக்கு ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது பிரியாணி விற்கிறார்கள். மெமரி கார்டோடு வருகிறவர்களும் இல்லை, பஸ்ஸில் போனை நீட்டி "ஒனக்கு வேணுமா?" என்று கேட்கிறவர்களும் இல்லை. குமார் இன்னும் பாடுகிறான். பாட்டெல்லாம் முறைப்படி மியூசிக் ஆப்பில் இருக்கிறது. யாரும் காப்பி எடுக்க முடியாது என்பதால் சாபத்தையும் வெட்டிவிட்டார்கள். இந்த வருடம் மாசி மகத்துக்குப் போயிருந்தேன். அவன் பாட ஆரம்பித்ததும் கரை முழுக்கப் போன்கள் உயர்ந்தன. எல்லாரும் அசையாமல் படம் பிடித்தார்கள். இரண்டாவது சரணத்தில் அவன் வேண்டுமென்றே நிறுத்தி, மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது.

கீழே இறங்கி வந்தவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லார் போன்லயும் இருக்கு மச்சான்" என்றான். "ஒருத்தர் வாயிலயும் இல்ல."