சார் வாயாலேயே கேட்க வைத்தாள்

போன ஆடி மாதம் என் ஆய்வுத் திட்டம் திருடு போனது. நகை போனால் போலீசுக்குப் போகலாம். திருடியவர் என் நெறியாளர் என்றால் யாரிடம் போவது?

நான் கடலூர்ப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். சிதம்பரத்தில் பிஎச்.டி. சேர்ந்து, பிடித்த மீனைப் படகுக்காரர்கள் எப்படிப் பங்கு பிரிக்கிறார்கள் என்று ஆராயத் திட்டம் எழுதி, நெறியாளர் சாருக்கு மெயிலில் அனுப்பினேன். அதைத் துறையின் ஆய்வுக் குழு முன் படித்து மாதக் கடைசிக்குள் ஒப்புதல் வாங்காவிட்டால் என் பதிவே ரத்தாகிவிடும். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறி வாராவாரம் சார் அறை வாசலில் போய் நிற்பேன். "அடுத்த வாரம் பாக்கலாம்மா" என்பார். அவர் மகனின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட்டைக்கூட நான்தான் செய்து கொடுத்தேன்.

ஒருநாள் அறிவிப்புப் பலகையில் என் தலைப்பு இருந்தது. பக்கத்தில் ரேவதியின் பெயர். அவளும் சாரிடம்தான் ஆய்வு செய்கிறாள், அவருடைய நண்பர் மகள். போய்க் கேட்டேன்.

"தலைப்பு யாரு பேர்ல இருந்தா என்னம்மா? நீ வேற எழுதிக்கோ" என்றார் சார்.

ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். "வுடுடி, போனது போவட்டும். பெரிய மனுசங்களோட நமக்கென்ன மல்லுக்கட்டு" என்றாள் அம்மா. அவள் மேலும் ஆத்திரம் வந்தது. நேராக எங்கள் குப்பத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். நல்ல வார்த்தை ஒன்றும் வேண்டவில்லை. "தாயே, அந்தாளு வாய அடைச்சுடு" என்று கற்பூரம் அணையும்வரை அதையே சொன்னேன்.

ரேவதி திட்டம் படிக்கும் நாள் வந்தது. எங்கள் துறை வழக்கப்படி, ஒருவர் படிக்கும்போது அதே சாரிடம் இருக்கும் மற்ற மாணவர்கள் டீயும் போண்டாவும் பரிமாற வேண்டும். நானும் தட்டோடு நின்றேன். திரையில் ஓடியதெல்லாம் என் வரிகள். ஒரு சொல்கூட மாற்றவில்லை.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ரேவதியிடம் கேட்டார்: "மீன்பிடித் தடைக்காலத்துல கள ஆய்வுன்னு எழுதியிருக்கீங்க. அப்பப் படகே கடலுக்குப் போகாதே. அந்த நேரத்துல போயி பங்கப் பத்தி என்ன கேப்பீங்க?"

ரேவதி சாரைப் பார்த்தாள். சார் என் பக்கம் திரும்பி, "நீ குப்பத்துப் பொண்ணுதானே, மேடத்துக்குச் சொல்லும்மா" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டை மேசையில் வைத்தேன்.

"மத்த நாள்ல கரைக்கு வந்ததும் அலுப்புல தூங்கிடுவாங்க மேடம். தடைக்காலத்துலதான் உக்காந்து வலை பின்னுவாங்க. அப்பதான் மனசு வுட்டுப் பேசுவாங்க."

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். இந்தத் திட்டத்த எழுதுனதே நான்தான். சாருக்கு அனுப்புன மெயில் இருக்கு."

சாரின் வாயை அடைக்கச் சொன்னேன். அம்மன் அந்த வாயாலேயே என்னிடம் கேட்க வைத்தாள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மெயிலை வாங்கிப் பார்த்த அந்தப் பேராசிரியை விடவில்லை. தலைப்பு திரும்பி வந்தது. அவகாசம் கிடைத்தது, வேறு நெறியாளரும் கிடைத்தார். சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அதே அறை, அதே நாற்காலி. துறையில் பாதிப் பேர் என்னைக் கண்டால் செல்போனைப் பார்க்கிறார்கள். கசப்பு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் அம்மனிடமே பொய் சொன்னதாகும்.

தை மாதம் என் திட்டத்தைப் படித்து ஒப்புதல் வாங்கினேன். அன்று டீ கொடுக்க யாரையும் நிறுத்தவில்லை, நானே கொடுத்தேன். கடைசி வரிசையில் ரேவதி உட்கார்ந்திருந்தாள். நீட்டினேன், வாங்கிக்கொண்டாள். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மனுக்கு விளக்கேற்றுகிறேன். இப்போது யார் வாயையும் அடைக்கச் சொல்வதில்லை. என் வாய்க்குத் தைரியம் கொடு என்று மட்டும் கேட்கிறேன். உங்களில் யாராவது இப்படித் தட்டோடு நின்றுகொண்டிருந்தால் அவளை நம்பிக் கேளுங்கள். ஆத்திரத்தோடு கேட்டாலும் காது கொடுப்பாள். உங்கள் முறை வரும்போது மட்டும் தட்டைக் கீழே வைத்துவிடுங்கள்.